மரத்தரை வாங்கும்போது பலகையின் விளிம்பைப் பாருங்கள்

கடையில் எஞ்சினியர்டு வுட் பலகையைக் கையில் கொடுத்தால் பலரும் மேலே தடவித்தான் பார்ப்பார்கள். நிறமும் பாலிஷும் மட்டமான பலகையில்கூட நன்றாகவே இருக்கும். பலகையைப் புரட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். தரம் அங்கேதான் தெரியும்.

மேலே ஒட்டியிருக்கும் ஏடு மட்டும் அசல் மரம். அடியில் இருப்பது பிளைவுட் அல்லது எச்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை). அந்த ஏடு 0.6 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை இருக்கும். தரை தேய்ந்தபின் ஒருமுறை சாண்டிங் செய்தால் (மேற்பரப்பைத் தேய்த்து எடுத்தால்) அரை முதல் ஒரு மி.மீ. வரை போய்விடும். ஆகவே 3 மி.மீ. ஏட்டை ஓரிரு முறை புதுப்பிக்கலாம், 2 மி.மீ. என்றால் லேசாக ஒரு தடவை. 0.6-இல் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் பலகையையே மாற்ற வேண்டும். '15 மி.மீ. பலகை' என்பார்கள், அது மொத்தக் கனம். மேல் ஏடு எவ்வளவு என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். 'ஏ.சி.4' என்று தரம் சொன்னால் உஷாராகிவிடுங்கள்: அது லேமினேட்டுக்கான அளவுகோல். லேமினேட்டின் மேலே இருப்பது மரப்படம் அச்சிட்ட காகிதம்தான்.

சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் பிளைவுட் அடிப்பாகமே நல்லது, எச்.டி.எஃப். தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிவிடும். சாம்பிள் துண்டு ஒன்றை இரவு முழுக்க நீரில் போட்டுவையுங்கள். காலையில் அடுக்கு பிரிந்திருந்தால் பசை சரியில்லை.

காசு மிச்சம் பிடிக்க ஏட்டின் கனத்தைக் குறைக்காதீர்கள். முடிச்சும் நிறபேதமும் உள்ள ரஸ்டிக் ரகம், அகலமும் நீளமும் குறைந்த பலகை இவற்றைக் கேளுங்கள். உழைப்பில் குறை வராது. மீன்முள் டிசைனும் வேண்டாம். சேதாரம் 15 சதவீதம் போகும், கூலியும் ஏறும்.

12-க்கு 14 அடி அறை 168 சதுர அடி. நேர்வரிசைக்கு 10 சதவீதம் சேர்த்தால் 185. பெட்டிக்கு 22 சதுர அடி என்றால் 9 பெட்டி. அண்டர்லே (பலகைக்கு அடியில் விரிக்கும் மெத்தைத்தாள்), ஸ்கர்ட்டிங், வாசல்பட்டி, கூலி எல்லாம் தனி. 15 மி.மீ. பலகையும் 3 மி.மீ. அண்டர்லேயும் சேர்ந்து தரை 18 மி.மீ. உயரும், கதவின் அடியை இழைக்க வேண்டிவரும். இதைப் பலரும் கதவு மாட்டிக்கொண்ட பிறகுதான் கவனிக்கிறார்கள்.

போடுமுன் அடித்தரையைச் சோதியுங்கள். பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் பலகை போடக்கூடாது. புதுச் சிமென்ட் பூச்சு 50 மி.மீ. என்றால் காய ஏறக்குறைய 50 நாள், மழைக்காலத்தில் இன்னும் கூடும். 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் மேடுபள்ளம் இருந்தால் சமன்செய்யுங்கள். இல்லாவிட்டால் நடக்கும்போது கிரீச்சிடும், பலகைகளை ஒன்றோடொன்று பூட்டும் கிளிக் லாக்கும் உடையும். பெட்டிகளை அதே அறையில் பிரிக்காமல் 48 மணிநேரம் படுக்கவைத்த பிறகு போடுங்கள். சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பலகை உப்பி நடுவில் தூக்கிக்கொள்ளும்.

வாளித் தண்ணீரில் மாப் போடும் வழக்கத்தை விடமுடியாத வீட்டுக்கு இந்தத் தரை ஒத்துவராது. நன்றாகப் பிழிந்த துணி போதும். மீந்த பலகைகளைக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த லாட்டில் அதே நிறம் கிடைக்காது.