முதிர்ந்த எம்எம்ஏ வீரர்களை எதிரெதிரே நிறுத்தி விவாதிப்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக்கலையின் பெரிய அமைப்பான யுஎஃப்சி அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடத்தும் போட்டிகள் நமக்கு ஞாயிறு காலையில் வந்து சேர்வதால், சேலத்தில் அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டைப் பக்கங்களில் இந்த விளையாட்டைப் பார்க்கும் நண்பர் குழுக்களுக்கு அன்றைய முற்பகல் முழுவதும் விவாதத்திலேயே கழிந்துவிடுகிறது. அதில் அதிகம் சூடு பறப்பது அன்று வென்றவரைப் பற்றிய பேச்சில் அல்ல. ஓய்வு பெற்றவர்களையும் ஓய்வை நெருங்கியவர்களையும் எதிரெதிரே நிறுத்தி, மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்று கேட்கும்போதுதான். குரல் உயர்கிற அளவுக்கு அங்கே வாதம் உயர்வதில்லை என்பதைப் பார்த்துச் சலித்த பிறகு, எங்கள் குழுவில் நாங்கள் வகுத்துக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். சுற்றுகளின் கணக்கு, டேக்டவுன் (எதிராளியைத் தரையில் வீழ்த்துவது), சப்மிஷன் (பிடிபோட்டுச் சரணடைய வைப்பது) ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராகச் செய்முறைக்குப் போகிறேன்.

தேவையானவை ஒரு நீள நோட்டு, ஒரு பேனா, இணையம் உள்ள கைபேசி. பழைய பதிவுகளைப் பார்க்க ஷெர்டாக், டாபாலஜி ஆகிய இரண்டு தளங்களும் போதும் என்றாலும், அறிவிக்கப்பட்டுப் பிறகு நின்றுபோன போட்டிகளையும் காட்டுவதால் நான் டாபாலஜியையே விரும்புகிறேன். எக்செல் தாளில் புள்ளி போட்டுக் கூட்டிப் பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை, ஏனென்றால் எண்கள் கூடியவுடன் யோசனை நின்றுவிடுகிறது. ஹைலைட்ஸ் காணொளிகளை முதலில் பார்க்கவே கூடாது; அவற்றில் எல்லோரும் எப்போதும் வெல்கிறார்கள்.

படி 1: பெயருக்குப் பக்கத்தில் ஆண்டை எழுதுங்கள்

விவாதங்கள் பெரும்பாலும் இங்கேதான் குலைகின்றன என்பதால் இந்தப் படியில் சற்று நீளமாக நிற்கிறேன். “சக் லிடெலா, வாண்டர்லே சில்வாவா?” என்று ஒருவர் கேட்டவுடன் பதில் சொல்லத் தொடங்காமல், எந்த ஆண்டின் லிடெல், எந்த ஆண்டின் சில்வா என்று திருப்பிக் கேட்க வேண்டும். இருவரும் உச்சத்தில் இருந்த காலத்தில் ரசிகர்கள் ஏங்கிய அந்தப் போட்டி 2007 டிசம்பரில்தான் நடந்தது. அப்போது இருவருமே தொடர்ந்து இரண்டு தோல்விகளைச் சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். நடுவர்களின் முடிவில் லிடெல் வென்றார் என்பது உண்மை. ஆனால் அந்த முடிவை 2004ஆம் ஆண்டைப் பற்றிய விவாதத்தில் சான்றாக வைக்கிறவர் வேறு இரண்டு மனிதர்களைப் பற்றிப் பேசுகிறார்.

ஆண்டை விட்டுவிட்டால் இன்னொரு சிக்கலும் வரும். ‘இவர் அவரை வென்றார், அவர் மற்றவரை வென்றார், ஆகவே இவரே மேல்’ என்று கோத்துக்கொண்டு போகும் சங்கிலி வாதத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 2003 நவம்பரில் பிரைடு என்ற ஜப்பானிய எம்எம்ஏ அமைப்பின் ஒரே இரவில் ராம்பேஜ் ஜாக்சன் லிடெலை வீழ்த்தினார், சில்வா ஜாக்சனை வீழ்த்தினார். நான்கு ஆண்டுகள் கழித்து லிடெல் சில்வாவை வென்றார். இம்மூவரையும் சங்கிலியில் கோத்தால் அது வட்டமாகி, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். அதற்கும் மேலே, சில்வாவிடம் இருமுறை தோற்ற ஜாக்சன் 2008 டிசம்பரில் அதே சில்வாவை முதல் சுற்றிலேயே நாக் அவுட் செய்தார். எனவே நோட்டில் வெறும் பெயரை எழுதாமல் ‘சில்வா, 2003’ என்று எழுதுங்கள். எதிரணி மறுத்தால் ஆண்டில் உடன்பாடு வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: வெற்றிகளை மூடிவைத்துத் தோல்விகளைப் படியுங்கள்

இளம் வீரரை எடைபோட வெற்றிகள் உதவும்; முதியவரை எடைபோடக் கடைசி நான்கைந்து தோல்விகளே உதவும். அவற்றின் எண்ணிக்கையைப் பார்க்காமல், ஒவ்வொன்றிலும் என்ன கைவிட்டது என்பதைப் பாருங்கள். தாடை அடி தாங்கவில்லையா, கால் விலகவில்லையா, மூச்சு தாக்குப்பிடிக்கவில்லையா, அல்லது எதிராளி வெறுமனே திறமை மிக்கவரா? என் கணிப்பில் முதலில் போவது அடியைப் பார்த்து விலகும் வேகமும் அடி தாங்கும் திறனும். கடைசிவரை நிற்பது பிடிபோடும் கலையும் கை வலுவும். இது விதியன்று என்றாலும், இதற்குத் துணைநிற்கும் சான்றுகள் கனமானவை.

ராண்டி கூட்டூர் 2005இலும் 2006இலும் லிடெலிடம் நாக் அவுட்டில் தோற்று ஓய்வை அறிவித்தவர். 2007 மார்ச்சில் 43 வயதில் திரும்பிவந்து, தன்னைவிட மிக உயரமான டிம் சில்வியாவை ஐந்து சுற்றுகளும் அழுத்திப் பிடித்து, ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். குளோவர் டெஷேரா 42 வயதை முடித்த இரண்டாம் நாள், அதாவது 2021 அக்டோபர் 30 அன்று, அபுதாபியில் யான் பிளாகோவிச்சின் கழுத்தைப் பின்னாலிருந்து நெரித்து லைட் ஹெவிவெயிட் பட்டத்தைக் கைப்பற்றினார். இருவருமே தரையிலும் பிடியிலும் வாழ்ந்தவர்கள். எதிராளியை முன்னே வரவிட்டுத் திருப்பி அடிப்பதையே தொழிலாகக் கொண்ட லிடெலோ, 2007 முதல் 2010 வரை நான்கு முறை அடிபட்டு வீழ்ந்தவர். அவர் எட்டு ஆண்டுகள் கழித்து 48 வயதில் டிட்டோ ஓர்டிஸை மூன்றாம் முறையாகச் சந்தித்தபோது, முன்பு இருமுறை தன்னிடம் தோற்ற அதே மனிதரின் குத்தில் முதல் சுற்றிலேயே சாய்ந்தார். பழைய இரண்டு வெற்றிகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அன்று வியந்திருக்கலாம்; கடைசித் தோல்விகளைப் படித்தவர்களுக்கு வியக்க ஒன்றுமில்லை.

படி 3: விதியையும் எடையையும் முடிவுசெய்யுங்கள்

பிரைடில் முதல் சுற்று 10 நிமிடம்; தரையில் கிடப்பவரின் தலையில் உதைக்கலாம், ஆனால் முழங்கையால் இடிக்கக் கூடாது; சுற்றிலும் கூண்டு இல்லை, கயிறுதான். யுஎஃப்சியில் இவையெல்லாம் தலைகீழ். எந்த விதி என்று சொல்லாத தீர்ப்புக்கு மதிப்பில்லை. இதற்கும் ஓர்டிஸே நல்ல சான்று: கலப்புச் சண்டையில் லிடெலைச் சாய்த்த அவர், 2021 செப்டம்பரில் குத்துச்சண்டை விதிகளின்கீழ் ஆண்டர்சன் சில்வாவிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தார். டேக்டவுன் இல்லாத இடத்தில் மல்யுத்த வீரருக்கு என்ன வேலை? எடையில் குழப்பம் வேண்டாம். இருவரும் கடைசியாக இயல்பாகச் சண்டையிட்ட பிரிவுகளில் கனமானதை எடுத்துக்கொள்ளுங்கள், வயதானவரைப் பட்டினி போட்டு எடை குறைக்க வைப்பது கற்பனையில்கூட நியாயமன்று.

படி 4: இடைவெளியும் உயரமும்

கடைசிப் போட்டிக்கும் குறித்த நாளுக்கும் இடையே எத்தனை மாதங்கள் என்று எழுதுங்கள். ஸ்டிப்பே மியோசிச் 2021 மார்ச்சுக்குப் பிறகு களமிறங்காமல் இருந்து, 2024 நவம்பரில் 42 வயதில் ஜான் ஜோன்ஸை எதிர்கொண்டு மூன்றாம் சுற்றில் தோற்றார். தோற்கடித்தது ஜோன்ஸின் உதைதான் என்றாலும், இடைவெளியை விலக்கிவிட்டு அந்தப் போட்டியைப் படிக்க முடியாது.

போட்டி நடக்கும் ஊரின் உயரம் என்பதைப் பலர் சிரித்து ஒதுக்குகிறார்கள். சேலத்துக்காரருக்கு அது புரியாமல் போக வழியில்லை: ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலுள்ள நகரிலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறிய எவரும், மேலே போய் உடனே ஓடிப் பார்த்தால் மூச்சு என்ன சொல்கிறது என்பதை அறிவார்கள். மெக்சிகோ நகரம் அதையும் தாண்டி 2,200 மீட்டருக்கு மேல். 2015 ஜூனில் அங்கே நடந்த போட்டிக்கு ஃபாப்ரிசியோ வெர்டூம் பல வாரங்களுக்கு முன்பே சென்று உடலைப் பழக்கிக்கொண்டார். ஓயாத மூச்சுக்குப் பெயர்பெற்ற கெயின் வெலாஸ்கெஸோ, 2013 அக்டோபருக்குப் பிறகு முதல்முறையாகக் களம் கண்டவர், முதல் சுற்று முடிவதற்குள்ளேயே தளர்ந்து, மூன்றாம் சுற்றில் முன்னிருந்து கழுத்தை நெரிக்கும் கில்லட்டின் பிடியில் சரணடைந்தார். இடைவெளியும் உயரமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பின்னர் சேர்த்தது: பிரேசில் வீரர் விட்டர் பெல்ஃபோர்ட்டை எந்த ஆண்டில் வைப்பது என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். 2013இல் பிரேசில் மண்ணில் அவர் பிஸ்பிங், ராக்ஹோல்ட், ஹெண்டர்சன் ஆகிய மூவரையும் தலையில் உதைத்து முடித்தது டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) மாற்றுச் சிகிச்சைக்கு அனுமதி இருந்த காலத்தில். அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் 2014 பிப்ரவரியில் அதைத் தடைசெய்தது. எனவே அந்தக் காலத்து முதிய வீரர்களுக்கு, ஆண்டோடு ‘தடைக்கு முன்’ அல்லது ‘தடைக்குப் பின்’ என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். ஹபீப் நுர்மகமெடோவ், டோனி ஃபெர்குசன் இணையைப் பற்றியும் கேள்வி வந்தது. 2015 முதல் 2020 வரை ஐந்து முறை அறிவிக்கப்பட்டு ஐந்து முறையும் நின்றுபோன அப்போட்டிக்கு எங்கள் நோட்டில் ஐந்து தனிப் பக்கங்கள் உண்டு. நான் எழுதிய ஐந்து தீர்ப்புகளிலும் ஹபீபே வெல்கிறார், ஆனால் 2020ஆம் ஆண்டுப் பக்கத்தில்தான் தயக்கமின்றி எழுதினேன்.

படி 5: தீர்ப்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யார், எந்தச் சுற்றில், எந்த வழியில் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘அவர்தான் ஜெயிப்பார்’ என்பதை எங்கள் குழுவில் தீர்ப்பாக ஏற்பதில்லை. மாதிரிக்கு, நடக்காமலே போன ஃபெடோர் எமெலியானென்கோ, ராண்டி கூட்டூர் போட்டியை எடுத்துக்கொள்கிறேன், ஆண்டு 2008. அந்த ஜூலையில் ஃபெடோர் டிம் சில்வியாவை 36 நொடிகளில் முடித்தார், கூட்டூருக்கு அதே சில்வியாவை வெல்ல 25 நிமிடங்கள் தேவைப்பட்டன. ஆயினும் இது மேலே சொன்ன சங்கிலி வாதம் என்பதால் அதை அடித்துவிட்டேன். கூட்டூரின் தோல்விகள், வேகமான கனத்த வலக்கைக்கு அவர் தாடை தாங்காது என்று சொல்கின்றன. ஃபெடோரின் பக்கத்தில் 2010 ஜூன் வரை படிக்கத்தக்க தோல்வியே இல்லை. கூட்டூருக்கு உள்ள ஒரே வழி, எதிராளியைக் கூண்டுச் சுவரில் அழுத்திவைத்து நேரத்தைத் தின்பது. கயிறு கட்டிய ரிங்கில் அந்தச் சுவரே இல்லை. ஆகவே என் நோட்டில் இருப்பது: ரிங் என்றால் ஃபெடோர், முதல் சுற்று, குத்தில் சாய்த்துக் கழுத்துப்பிடி, கூண்டு என்றால் அதே ஃபெடோர், அதே பிடி, ஆனால் மூன்றாம் சுற்று.