ஊருக்குக் கொண்டுபோகும் ஹார்ட் டிஸ்க்

சொக்லேட் எத்தனை கிலோ, கோடாலித் தைலம் எத்தனை போத்தல் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஊருக்குப் படமும் வீடியோவும் கொண்டுபோகிறவர்களும், அங்கிருந்து அள்ளிவர நினைப்பவர்களும் மட்டும் இதை வாசித்தால் போதும். போன ஆவணி, நல்லூர்த் திருவிழா நேரம், யாழ்ப்பாணத்தில் நான் பட்டது இது. பட்டது ஒரு நாள். தெளிய, ரொறன்ரோ திரும்பி மூன்று மாதம் எடுத்தது.

ஹார்ட் டிஸ்க் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அதில் பாதிதான் உண்மை. வயர் எல்லாக் கொம்பியூட்டரிலும் செருகும். உள்ளே எழுதுகிற முறைதான் ஆளுக்கு ஆள் வேறு. பள்ளிக்கூடத்தில் ஒற்றை றூல், இரட்டை றூல், சதுர றூல் என்று கொப்பிகள் இருந்தன அல்லவா, அதுபோல டிஸ்க்குக்கும் கோடு போட்டுத்தான் பாவிக்க வேண்டும். அதைத்தான் ஃபோர்மட் என்கிறார்கள். வின்டோஸின் கோடு என்டிஎஃப்எஸ், 1993 இலிருந்து இருக்கிறது. ஆப்பிளின் மக் கொம்பியூட்டர் அதை வாசிக்கும், ஆனால் அதில் எழுதாது. ஆப்பிள் 2017 இல் மக்குக்குக் கொண்டுவந்த கோடு ஏபிஎஃப்எஸ். வின்டோஸ் அதை ஏறெடுத்தும் பாராது. பழைய ஃபாட்32 ஐ ரீவி முதல் கார் ரேடியோ வரை எல்லாம் படிக்கும். ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் உள்ளே விடாது. ஐஃபோனில் 4கே வீடியோ, 30 ஃபிரேமில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி. இருபத்து நான்கு நிமிடத்தில் 4 ஜிபி முடிந்துவிடும். நம்மவரின் தாலிகட்டு எப்போது இருபத்து நான்கு நிமிடத்தில் முடிந்தது?

மிஞ்சுவது எக்ஸ்ஃபாட். மைக்ரோசொஃப்ட் 2006 இல் வெளியிட்டது. வின்டோஸ் விஸ்டாவின் முதல் சேர்விஸ் பக் தொடக்கம், மக்கில் 10.6.5 பதிப்புத் தொடக்கம், லினக்ஸில் 5.4 பதிப்புத் தொடக்கம் வாசிக்கவும் எழுதவும் முடியும். ஊருக்குக் கொண்டுபோகும் டிஸ்க்குக்கு இதைத்தான் போட வேண்டும். இந்த ஒரு வரி முன்பே தெரிந்திருந்தால் மிச்சத்தை எழுத வேண்டி வந்திராது.

என்னிடம் இருந்தது 2 டிபி டிஸ்க். புதிதாக வாங்கி மக்புக்கில் செருகி, அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஓம் ஓம் என்று அழுத்தினேன். அது ஏபிஎஃப்எஸ் போட்டுக்கொண்டது. மக் வைத்திருந்த மக்கு நான்.

அதற்குள் இருந்தது அம்மாவின் செத்தவீட்டு வீடியோ. அம்மா ஸ்காபரோவில் காலமானா. சின்னம்மா வருவதற்கு விசா கேட்டு இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். ஆட்டத்திவசத்தை ஊரில் செய்யப் போகிறேன், என்ன கொண்டுவர என்று ஃபோனில் கேட்டேன். "எனக்கு ஒண்டும் வேண்டாம் தம்பி. அக்காவைக் கொண்டு வா. நான் முகம் பாக்கேல்லை. பெரிய ரீவியில பாக்க வேணும்" என்றா. சாமான் கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போய் நிம்மதியாக இருந்திருப்பேன்.

போய் இறங்கிய அன்று இரவே ரீவியில் செருகினேன். டிஸ்க்கின் விளக்கு மினுங்கியது, ரீவி எதுவும் இல்லை என்றது. ஃபோனில் இருந்ததைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, "இது முகமோ துணியோ தெரியேல்லை" என்று திருப்பித் தந்தா.

இங்கே ஒரு விஷயம். யூஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் ஒரு சின்ன இணைப்பும் ஒரு வயரும் பையில் இருந்திருந்தால் மக்புக்கையே ரீவியில் பூட்டி அன்றிரவே காட்டி முடித்திருக்கலாம். டிஸ்க்கே தேவைப்பட்டிராது. அதை வாங்காமல் ஆறு பெட்டி பிஸ்கட் வாங்கினேன்.

பிந்திய மூன்று பின்னேரமும் சின்னம்மா தானாகவே கதைக்கத் தொடங்கினா. அம்மாவும் அவவும் சின்னனில் பனங்கிழங்கு கிண்டியது, அம்மா சைக்கிள் பழகி மதவடியில் விழுந்தது, அப்பு அடித்தது, நான் பிறந்த அன்று பெய்த மழை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்க, வலிகாமப் பகுதிச் சனமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் போனபோது அல்பத்தைப் பனையோலை உமலுக்குள் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தது. நான் அப்போது கனடாவுக்கு வந்து ஒரு வருசம். அந்த இரவைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை. கேட்க முகமும் இல்லை. எல்லாவற்றையும் ஃபோனில் பதிந்தேன். ஃபோன் நிரம்பியது. இரவில் மக்புக் வழியாக டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு ஃபோனில் அழித்தேன். கிளவுட் என்கிற முகில், கிகில் எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் சிக்னல் காணாது.

நான்காம் நாள் காலை டிஸ்க்கை ரவுனில் ஒரு கொம்யூனிகேசன் கடையில் கொடுத்தேன். "ரீவியில வாற மாதிரிச் செய்து தாங்கோ" என்றேன். ஐந்நூறு ரூபாய் என்றான் பெடியன். கொடுத்துவிட்டு அம்மாவின் பிறப்புப் பதிவின் கொப்பி எடுக்க ஒரு கந்தோருக்குப் போனேன்.

அந்தக் கந்தோரைப் பற்றித் தனியாக எழுதலாம். எட்டரைக்குப் போய் வரிசையில் நின்றேன். ஒன்பதே முக்காலுக்கு யன்னல் திறந்தது. பத்தேகாலுக்கு, இந்த யன்னல் இல்லை, அடுத்தது என்றார்கள். அடுத்ததில், பழைய புத்தகம், தேட வேணும், வருசம் சரியோ என்று கேட்டார்கள். சரி என்றேன். அப்ப விதானையாரின், அதுதான் கிராம அலுவலரின், கடிதம் எங்கே? விண்ணப்பத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்றேன். "அது வெளிநாட்டுக்காரருக்கு" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். என் அம்மா பிறந்த ஊரில், அவவின் பெயரைக் கேட்டு நிற்கும்போது, எனக்கு விழுந்த பெயர் அது. கோபம் வந்தது. பொய் சொல்லவில்லை அந்த மனிதர் என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

பன்னிரண்டுக்குக் கிட்ட ஃபோன் அடித்தது. கொம்யூனிகேசன் பெடியன்.

கடைக்காரன் அழித்துவிட்டான் என்றுதான் ஒரு மாதம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் அழித்தது உண்மை. அதற்கு முன் ஃபோனில் சொன்னது இது: "அண்ணை, மை கொம்பியூட்டரில ஒண்டும் காட்டேல்லை. டிஸ்க் மனேஜ்மென்டில பாத்தனான், பெரிய பாட்டிசன் ஒண்டு எழுத்தில்லாமல் நிக்குது. அதை டிலீட் பண்ணிப் போட்டுப் புதுசா அடிச்சால் ரீவியில வரும். உள்ளுக்கு ஏதும் முக்கியமா இருக்கோ? செய்யட்டோ?"

எனக்குக் காதில் விழுந்தது "ரீவியில வரும்" மட்டுந்தான். "செய்யுங்கோ தம்பி, கெதியாச் செய்யுங்கோ" என்றேன். முன்னால் நின்றவர் நகர்ந்துவிட்டார், இடம் போய்விடும் என்ற அவசரம்.

மக்கில் ஃபோர்மட் பண்ணிய டிஸ்க்கை வின்டோஸில் செருகினால் வழமையாக நடப்பது இதுதான். டிரைவ் எழுத்து வராது. உள்ளே போய்ப் பார்த்தால் பெயரில்லாத ஒரு பகுதி நிற்கும். வின்டோஸ் அதற்குத் தரும் வழி ஒன்றே ஒன்று, டிலீட். வேறு கொம்பியூட்டர்களில் "பாவிப்பதற்கு முன் ஃபோர்மட் பண்ண வேண்டும்" என்று ஒரு பெட்டியும் குதிக்கலாம். இரண்டில் எது வந்தாலும் வயரைக் கழற்றுங்கள். டிஸ்க் பழுதில்லை. அந்தக் கொம்பியூட்டருக்கு அந்தக் கோடு வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பின்னேரம் போனபோது டிஸ்க் துப்பரவாக இருந்தது. என்டிஎஃப்எஸ் போட்டு, ஓடுதோ என்று பார்க்க 8 ஜிபி பாட்டும் ஏற்றியிருந்தான். "சும்மா போட்டு விட்டனான் அண்ணை, காசு வேண்டாம்." அந்த அன்பளிப்புத்தான் மிச்சத்தையும் கெடுத்தது. விரைவு ஃபோர்மட்டில் எது எங்கே கிடக்கிறது என்ற அட்டவணைதான் போகும். சுழலும் டிஸ்க்கில் பழைய தரவு கீழே அப்படியே கிடக்கும். அதற்கு மேல் புதிதாக எதையும் எழுதும்வரைதான் அந்த உயிர். சுழலாத எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் அந்த உயிரும் இராது, வெற்று இடத்தை அதுவே துடைத்துக்கொள்ளும். ஆகவே அழிந்தது தெரிந்த கணம் டிஸ்க்கைத் தொடாமல் வையுங்கள். திறந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், பாட்டு ஏற்றாதீர்கள்.

ரொறன்ரோ வந்து ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட விட்டேன். அது தேடும்போது கோப்பின் பெயர் திரும்பாது. ஒவ்வொன்றும் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள இலக்கமுமாக வரும். ஆயிரக்கணக்கில் வந்தன. துண்டு துண்டாகக் கிடந்த பெரிய வீடியோக்கள் திறக்கவில்லை. செத்தவீட்டு வீடியோ மக்புக்கில் இருந்தது, அது தப்பியது. சின்னம்மாவின் மூன்று பின்னேரத்தில் இரண்டாவதில் நாற்பது நிமிடம் மீண்டது. மதவடி இருக்கிறது. நாவற்குழிப் பாலம் இல்லை. திரும்பச் சொல்லுங்கோ என்று ஃபோனில் கேட்டேன். "ஒருக்காச் சொன்னது காணும் தம்பி" என்றா.

சரி, செய்ய வேண்டியது. டிஸ்க் கையளவு 2.5 அங்குலமாக இருக்கட்டும். யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும். மேசையில் வைக்கும் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடப்டர் வேண்டும். பழைய கொம்பியூட்டரில் யூஎஸ்பி 2 துளைக்கு 500 மில்லி அம்பியர்தான் கணக்கு. டிஸ்க் கிளிக் கிளிக் என்று அடித்தால் அது பசியாக இருக்கலாம். பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். 100 ஜிபி கொப்பி பண்ண அந்தத் துளையில் ஒரு மணித்தியாலம் போகும், வரிசைக்குப் போவதென்றால் அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள்.

மக்கில் எக்ஸ்ஃபாட் போடும்போது டிஸ்க் யூட்டிலிட்டியில் எல்லாச் சாதனங்களையும் காட்டு என்பதை அழுத்தி, டிஸ்க்கின் மேல்வரியைத் தெரிந்து அழியுங்கள். அப்போதுதான் ஸ்கீம், அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை, எது என்று கேட்கும். புதிய கொம்பியூட்டர்களுக்கு ஜியூஐடி, பழைய ரீவிக்கு எம்பிஆர். போவதற்கு முன் ரீவியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, கையேட்டில் எக்ஸ்ஃபாட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீடியோவை 4 ஜிபிக்குக் கீழே வெட்டி, ஃபாட்32 போட்ட சின்ன பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

எக்ஸ்ஃபாட்டுக்கு ஒரு குறை உண்டு. என்ன எழுதுகிறேன் என்று அது தனியாகக் குறித்து வைப்பதில்லை. நடுவில் கரண்ட் போனாலோ வயரை இழுத்தாலோ அட்டவணை குழம்பும். ஆகவே லாப்டொப்பில், பற்றரியில் வைத்துக் கொப்பி பண்ணுங்கள், இஜெக்ட் பண்ணிக் கழற்றுங்கள். கடைக் கொம்பியூட்டரில் ஷோட்கட் வைரஸ் தொற்றினால் ஃபோல்டர்கள் ஒளிந்து, அதே பெயரில் ஷோட்கட் நிற்கும். அவற்றை அழுத்தாதீர்கள், உள்ளே சாமான் பத்திரமாக இருக்கும். ஐஃபோன் படங்கள் 2017 இலிருந்து ஹெயிக் என்ற வகை. டிஸ்க் திறந்தாலும் படம் திறக்காமல் முழிக்கும். கமரா செட்டிங்ஸில் மோஸ்ட் கொம்பட்டிபிள் என்று மாற்றிவிட்டுப் பிடியுங்கள்.

கொடுக்கும் டிஸ்க் வேறு, சேர்க்கும் டிஸ்க் வேறு. அங்கே பதிந்ததை இரண்டு இடத்தில் வைக்கும்வரை ஃபோனில் அழிக்காதீர்கள்.

மாசியில் ஒரு உறவினர் ஊருக்குப் போனார். அவரிடம் எக்ஸ்ஃபாட் போட்ட டிஸ்க் கொடுத்து விட்டேன். ரீவியில் வந்ததாம். இரண்டு நாள் கழித்துச் சின்னம்மா ஃபோன் எடுத்தா. "தம்பி, அக்காவின்ர பேரில ரெண்டு கிடக்கு. ஒண்டு ஓடுது. மற்றதுக்கு முன்னால ஒரு புள்ளியும் கோடும் போட்டிருக்கு, அது ஓடேல்லை. அதுக்குள்ள என்ன?"

மக் எக்ஸ்ஃபாட் டிஸ்க்கில் எழுதும்போது ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் போட்டுவைக்கும் நாலு கேபி குப்பை அது. ஒண்டுமில்லை சின்னம்மா, அழிச்சு விடுங்கோ என்றேன்.

அழிக்க மாட்டாவாம்.