தீயணைப்புக்கான நிலத்தடித் தொட்டி: மண் மூடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீயணைப்புக்காக நிலத்தடியில் தொட்டி கட்டுபவர்கள், அது நிரம்பி அசையாமல் இருக்கும் நிலையை மட்டுமே மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். தொட்டி காலியாக இருக்கும்போது என்ன ஆகும், பம்ப் முழு வேகத்தில் ஓடித் தண்ணீர் மளமளவென்று இறங்கும்போது என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளையும் வரைபடக் கட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். மண் மூடிய பிறகு கேட்டால், பதிலுக்குச் செலவு பல மடங்காகிவிடும்.

காலித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். வெளி அளவில் 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட ஒரு கான்கிரீட் தொட்டிக்குச் சுவர் 25 செ.மீ., அடித்தளம் 30 செ.மீ., மேல்தளம் 20 செ.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால், அதன் சொந்த எடை சுமார் 100 டன் வரும். நிலத்தடி நீர் தொட்டியின் மேல்தளம் வரை ஏறினால், அது தொட்டியை மேலே தள்ளும் விசை 144 டன். நீர் அடித்தளத்திலிருந்து 2 மீட்டரைச் சற்றே தாண்டினாலும் போதும், காலித் தொட்டி படகுபோல மிதக்க முயலும்; அப்போது தளம் விரிசல் விடும், குழாய் இணைப்புகள் முறியும். உள்ளே எப்போதும் தண்ணீர் இருக்குமே என்று அந்த எடையையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவது பலரும் செய்யும் பிழை. கழுவுவதற்காகத் தொட்டியைக் காலி செய்யும் நாள் மழைக்காலத்தில் வரக்கூடும். கட்டுமானத்தின்போதே குழியிலிருந்து நீரிறைக்கும் மோட்டார் ஓர் இரவு நின்றுவிடவும் கூடும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன்மேல் மண் பாரத்தை ஏற்றுவது, தளத்தின் கனத்தைக் கூட்டுவது, ஃபைபர் தொட்டியாக இருந்தால் கான்கிரீட் பாளங்களோடு பட்டை போட்டுக் கட்டுவது ஆகியவை இதற்கான வழிகள். கோடையில் மண் பரிசோதனை செய்து, அப்போது தெரிந்த நீர்மட்டத்தையே முடிவானதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

அடுத்தது கொள்ளளவு. மேலே சொன்ன தொட்டியின் உள்ளளவு 7.5 × 5.5 × 2.5 மீட்டர், அதாவது 103 கன மீட்டர். நிமிடத்துக்கு 1500 லிட்டர் வீதம் ஒரு மணி நேரத்துக்குத் தேவைப்படுவது 90 கன மீட்டர்தான் என்பதால், தாளில் பார்த்தால் தாராளமாகவே தெரியும். ஆனால் மேலே 30 செ.மீ. காலி இடம் விட வேண்டும். அடியில் 30 செ.மீ. தண்ணீர் உறிஞ்சு குழாய்க்கு எட்டாமல் தங்கிவிடும். இவ்விரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 25 கன மீட்டரை விழுங்கிவிடுவதால், மிஞ்சும் 78 கன மீட்டர் 52 நிமிடத்துக்கே வரும். ஆகவே வரைபடத்தில் எழுதவேண்டியது பயன்படும் கொள்ளளவே தவிர மொத்தக் கொள்ளளவு அல்ல. உறிஞ்சு குழாயின் வாய் இருக்கும் இடத்தில் தளத்தைப் பள்ளமாக்கினால், வீணாகும் நீரை வெகுவாகக் குறைக்கலாம்.

தண்ணீர் இருந்தும் பம்ப் எடுக்காமல் போவது இதைவிடக் கொடுமை. மட்டம் தாழும்போது உறிஞ்சு வாய்க்கு மேல் சுழி உண்டாகிக் காற்று உள்ளே புகும். பம்ப் ஓடினாலும் அழுத்தம் விழுந்துவிடும். அதைத் தடுக்கச் சுழித்தடுப்புத் தகடு தேவை. உறிஞ்சு குழாயில் அளவு குறையும் இடத்தில் இருபுறமும் சரிந்த ரிட்யூசரைப் போட்டால், மேற்பகுதியில் காற்று தங்கும். அங்கே மேற்பக்கம் தட்டையாக அமையும் ஒருபக்க ரிட்யூசரே பொருந்தும். தொட்டி கீழேயும் கிடைமட்டப் பம்ப் மேலேயும் இருந்தால், உறிஞ்சு குழாயின் அடிநுனியில் நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வில் சிறு கசிவு ஏற்பட்டாலும் குழாயில் நின்ற நீர் இறங்கிவிடும். தீயணைப்புப் பம்புகளுக்கான அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 20 (தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின்) விதிமுறை இத்தகைய மேலுறிஞ்சல் அமைப்புக்குக் கிடைமட்ட மையவிலக்குப் பம்பை அனுமதிப்பதே இல்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பம்ப் அறையை அமைக்க வேண்டும், அல்லது தொட்டிக்குள்ளேயே இறங்கி நிற்கும் செங்குத்து டர்பைன் பம்பை வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு வால்வை நம்பி விடுவது விவேகமாகப் படவில்லை.

கசிவுச் சோதனையை மண் நிரப்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் சுவரின் வெளிப்புறத்தில் ஈரம் எங்கே பூக்கிறது என்பதை அப்போது மட்டுமே கண்ணால் பார்க்க முடியும். பெரும்பாலும் அது அடித்தளமும் சுவரும் சேரும் கட்டுமான இணைப்பிலோ குழாய் நுழையும் இடத்திலோதான் தெரியும். இணைப்பில் நீர் கசியாமல் தடுக்கும் வாட்டர் ஸ்டாப் பட்டையைப் பதிக்காமல் விட்டுவிட்டாலோ, சுவரை வார்த்த பிறகு துளையிட்டுக் குழாயைச் செருகினாலோ இதுதான் கதி. மண்ணையும் லாரியோடு கொட்டாமல் சுற்றிலும் சமமாக அடுக்கடுக்காய் இட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும். ஃபைபர் தொட்டிக்கு, தோண்டியெடுத்த கூரான கற்கள் கலந்த மண் ஆகவே ஆகாது. தொட்டிமேல் தீயணைப்பு வண்டி நிற்கக்கூடுமானால், மேல்தளமும் மேன்ஹோல் மூடியும் அந்தப் பாரத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்.

வீட்டு உபயோகத்துக்கும் தீயணைப்புக்கும் ஒரே தொட்டி என்றால், அதை இரண்டு அறைகளாகப் பிரித்து, வரும் நீர் முதலில் தீயணைப்பு அறையை நிரப்பி, அங்கிருந்து வழிந்து மற்ற அறைக்குச் செல்லும்படி அமைப்பது நல்லது. அவ்வாறு செய்தால் தீயணைப்புக்கான ஒதுக்கீடும் குறையாது, நீரும் தேங்கிக் கெடாது. மேன்ஹோல் வாய் தரைமட்டத்திலேயே இருந்தால் மழைநீரும் சேறும் உள்ளே இறங்கும். வலையிட்ட காற்றுக் குழாய் போதிய அளவில் இல்லையென்றால், பம்ப் இழுக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி நீர்வரத்து தடைப்படும்.

பராமரிப்புக்காக உள்ளே இறங்குவதற்கு முன் காற்றோட்டம் கொடுத்து, ஆக்சிஜன் அளவைக் கருவியால் பார்த்து, மேலே ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். மிச்ச நீரை இறைக்கப் பெட்ரோல் இன்ஜின் பம்பைத் தொட்டிக்குள் இறக்கவே கூடாது. மூடிய இடத்தில் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாமல் சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும்.