வணிகச் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியின் மின்பயன்பாட்டை அளந்து முன்கணிக்கும் முறை

சமையலறையில் அடுப்புகளும் அரவை இயந்திரங்களும் வேலை முடிந்ததும் அணைக்கப்படுகின்றன. குளிர்சாதனப் பெட்டி மட்டும் இரவு பகலாக ஓடுகிறது. அது எடுக்கும் மின்சாரத்தை அறிய, பெட்டியின் தகட்டில் அச்சிட்டுள்ள வாட் எண்ணை 24 மணி நேரத்தால் பெருக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. குளிரூட்டும் வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும் பெட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 400 வாட் எடுக்கும் கம்ப்ரசர் 15 நிமிடம் ஓடி 10 நிமிடம் நிற்குமானால், நாளொன்றுக்கு அது எடுப்பது 5.76 யூனிட் (1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்), இடைவிடாமல் சுழலும் 40 வாட் விசிறிகளையும் சேர்த்தால் 6.72 யூனிட். இரண்டும் சேர்ந்த 440 வாட்டை 24 மணி நேரத்தால் பெருக்கும் தகட்டுக் கணக்கோ 10.56 யூனிட் என்று காட்டும். ஆகவே அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பிளக்கில் பொருத்தும் பெட்டியாக இருந்தால், யூனிட்டைத் தொடர்ந்து கூட்டிக் காட்டும் சிறு மீட்டர் போதும். அந்த மீட்டர், கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மிகை மின்னோட்டத்தைத் தாங்கக்கூடியதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைவிலிருந்து அணைக்கும் வசதி உள்ள பிளக்கைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அது தவறுதலாக அணைந்தால் உள்ளே இருக்கும் உணவு முழுவதும் கெட்டுவிடும். நேரடியாக வயரிங் செய்யப்பட்ட குளிர் அறைகளுக்கு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சுவிட்ச் போர்டில் மீட்டர் பொருத்த வேண்டும். வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரை மட்டும் அளந்து வோல்டேஜால் பெருக்கினால் உண்மையைவிடக் கூடுதலான எண்ணே கிடைக்கும், ஏனெனில் மோட்டாரின் பவர் ஃபேக்டர் (வோல்டேஜ்-ஆம்பியர் பெருக்கலில் உண்மையான வாட்டின் பங்கு) ஒன்றுக்குக் குறைவானது.

நிமிடத்துக்கு ஒரு முறை வாட் அளவையும், கூடவே மீட்டரின் மொத்த யூனிட்டையும் பதிவு செய்வது சிறந்தது. இடையில் சில பதிவுகள் விடுபட்டாலும், மொத்த யூனிட்டின் வேறுபாட்டிலிருந்து நாளின் கணக்கைச் சரியாகப் பெறலாம். பெட்டியின் உள் வெப்பநிலையையும், பெட்டியின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் காற்றை உள்ளிழுக்கும் இடத்தின் வெப்பநிலையையும் அதே கடிகாரத்தோடு பதிய வேண்டும். அறையின் மறுகோடியில் தொங்கும் தெர்மோமீட்டர் இதற்கு உதவாது. அடுப்புக்கு அருகில் நிற்கும் பெட்டி உணரும் வெப்பம் வேறு.

சமையலறை மூடியிருக்கும் இரவு நேரத்தின் வரைபடத்தை முதலில் பார்க்க வேண்டும். கதவு திறக்கப்படாததால் கம்ப்ரசர் ஓடுவதும் நிற்பதும் ஏறத்தாழ ஒரே சீராக அமையும். அதுவே அந்தப் பெட்டியின் இயல்பு. இடையிடையே தட்டையான உயரத் தொகுதி ஒன்று தோன்றி, அதன் பின் கம்ப்ரசர் வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓடினால், அது பெரும்பாலும் பனி நீக்கும் ஹீட்டரின் வேலையே. பழுது என்று எண்ணிவிடக் கூடாது. பகலில் சேரும் சுமையில் வெதுவெதுப்பான உணவின் பங்கும் கணிசமானது. 30 டிகிரி செல்சியஸில் உள்ள 20 கிலோ குழம்பை, அது பெரும்பாலும் நீரே என்று கொண்டு, 4 டிகிரிக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 0.6 யூனிட் அளவு வெப்பத்தை அகற்ற வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தால் இரண்டு யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரத்துக்கு இது 0.3 யூனிட் மின்செலவு. ஆகவே ஒவ்வொரு நாளும் உள்ளே வைக்கும் உணவின் எடையைத் தோராயமாகவேனும் குறித்துவைப்பது பயன் தரும்.

முன்கணிப்பை எளிய நிலையிலிருந்தே தொடங்கலாம். சென்ற வாரம் இதே கிழமையில் ஆன யூனிட்டையே இந்த வாரத்துக்கும் எதிர்பார்ப்பது முதல் முறை. அடுத்ததாக, விரிதாளில் நாளின் யூனிட்டை, சராசரி அறை வெப்பநிலை, வைத்த உணவின் எடை ஆகிய இரண்டோடும் நேர்கோட்டுச் சமன்பாடாகப் பொருத்த வேண்டும். ஒரு டிகிரிக்கு 0.2 யூனிட் கூடுகிறது என்று விடை வந்தால், அறை 4 டிகிரி சூடாகும் நாளில் 0.8 யூனிட் கூடுதலாக எதிர்பார்க்கலாம். வெயிலும் குளிர்ச்சியும் கலந்த நாட்கள் பதிவில் இருந்தால்தான் இந்த எண்ணை நம்ப முடியும். கடைசி இரண்டு வாரங்களைச் சமன்பாட்டில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, அவற்றைக் கணித்துப் பார்த்துச் சராசரிப் பிழையை அறிய வேண்டும். முதல் முறையைவிடப் பிழை குறையவில்லையென்றால் சமன்பாட்டால் பயனில்லை, எளிய முறையே போதும்.

மாத மின்கட்டணத்தை முன்கூட்டி அறிவதைவிட, கணிப்புக்கும் மீட்டருக்கும் இடையிலான வேறுபாட்டைக் கவனிப்பதே இந்த உழைப்பின் பெரும்பயன் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாள் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அறை வெப்பமும் உணவின் எடையும் மாறாதிருக்க, மீட்டர் வாரக்கணக்கில் கணிப்புக்கு மேலேயே நின்றால், கண்டென்சரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும், கதவு ரப்பரையும் சோதிக்க வேண்டும். கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுக்கும்போது தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் இறுகப் பொருந்தவில்லை. சரிசெய்த பிறகு புதிய பதிவுகளைக் கொண்டு சமன்பாட்டை மீண்டும் பொருத்த வேண்டும்.

யூனிட் குறைவதும் எப்போதும் நல்ல செய்தியல்ல. குளிரூட்டும் வாயு கசிந்தால் கம்ப்ரசர் குறைந்த வாட்டில், ஆனால் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்; உள் வெப்பநிலை மெல்ல ஏறும். அதனால் வாட், ஓடும் நேரம், உள் வெப்பநிலை ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்பெட்டி 5 டிகிரிக்கு மேலோ, உறைபெட்டி மைனஸ் 18 டிகிரிக்கு மேலோ நீடித்தால், மின்கணக்கை நிறுத்திவிட்டு உடனே பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்.