மெயின் கேரக்டரை மாற்றலாமா? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 புதிதாக ஆடுபவர்களுக்கு

வரிசையாக ஏழெட்டு மேட்ச் தோற்ற ராத்திரியில்தான் இந்த யோசனை வரும். "இந்த கேரக்டர் நமக்கு ஒத்துவராது, வேற எடுத்துடலாம்." அந்த ராத்திரி மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். இருவர் மோதும் இந்தச் சண்டை கேம் 2023 ஜூனில் வந்தபோதே 18 கேரக்டர்கள் இருந்தார்கள். பிறகு ஆண்டுக்கு நான்கு பேர் என்று சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள். தூங்கி எழுந்து, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: தோற்ற பத்து மேட்ச்சைப் பாருங்கள்

கடைசியாகத் தோற்ற பத்து ரீப்ளேக்களை எடுங்கள். நீங்கள் அழுத்திய பட்டன்கள் திரையில் தெரியும்படி செட்டிங்கை ஆன் செய்துகொள்ளுங்கள், அது மிக முக்கியம். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: எந்த அடியில் ரவுண்டு கைவிட்டுப் போனது?

எழுதி முடித்ததும் வரிகளை இரண்டாகப் பிரியுங்கள். யாரை வைத்து ஆடினாலும் வரக்கூடியவை ஒரு பக்கம், இந்த கேரக்டரால் மட்டுமே வந்தவை இன்னொரு பக்கம்.

டிரைவ் இம்பாக்ட் (எதிரியின் அடியைத் தாங்கிக்கொண்டே ஓங்கி அடிக்கும் அடி, எல்லா கேரக்டருக்கும் உண்டு) வாங்கியது முதல் பக்கம்தான். அது கிளம்பி நம்மைத் தொட 26 ஃபிரேம் ஆகும். ஃபிரேம் என்பது திரையில் மாறும் ஒரு படம், விநாடிக்கு 60 ஃபிரேம் என்பதால், அரை விநாடிக்கும் குறைவு. பார்த்தவுடனே நாமும் டிரைவ் இம்பாக்ட் போட வேண்டும். இதை ரியூவை வைத்துச் செய்ய முடியாதவரால் கேமியை வைத்தும் செய்ய முடியாது. டிரைவ் கேஜ் எனும் சக்திப் பட்டையின் ஆறு கட்டங்களையும் காலி செய்து பர்ன்அவுட் ஆகி, சுவரோரம் மாட்டிக்கொள்வதும் அப்படித்தான். அந்த நிலையில் டிரைவ் இம்பாக்ட்டை பிளாக் செய்தாலும் தலை சுற்றி நிற்போம். கேரக்டரை மாற்றினால் இந்த வரிகள் அத்தனையும் கூடவே வரும்.

என் நோட்டில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். அப்போது நான் ஆடியது கைல். சோனிக் பூம் என்ற, தூரத்திலிருந்து எறியும் அடியைப் போட, பின்பக்கம் முக்கால் விநாடி அளவுக்குப் பிடித்திருந்துவிட்டு முன்பக்கம் தள்ளி பஞ்ச் அழுத்த வேண்டும். குதித்து வருபவரை மேலே உதைத்துத் தள்ளும் சமர்சால்ட் கிக்குக்கு, கீழே பிடித்திருந்துவிட்டு மேலே தள்ளி கிக் அழுத்த வேண்டும். என் பத்து மேட்ச்சிலும் பாதிக்கு மேல் ஒரே வரி: "குதித்து வந்தான், தடுக்கவில்லை." தூங்கிவழிகிறேன் என்றுதான் நினைத்தேன். திரையோரம் பட்டன் வரிசையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எதிரி தரையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் என் விரல் முன்பக்க அம்புக்குறியில் இருந்தது. நடந்துகொண்டே இருந்திருக்கிறேன். பிடித்து வைத்திருந்தால்தானே கிக் வரும்?

படி 2: ஒரு குறைக்கு இரண்டு வாரம்

அதிகம் வந்த ஒரே ஒரு வரியை எடுங்கள். இரண்டாவதைத் தொடாதீர்கள். ட்ரெய்னிங் மோடில் டம்மிக்கு (எதிரே நிற்கும் பயிற்சி பொம்மை) இரண்டு மூன்று அசைவுகளை ரெக்கார்ட் செய்து (ஒன்று குதிப்பது, ஒன்று சும்மா நடப்பது) மாறி மாறி வரும்படி வையுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். கைலுக்கு உட்கார்ந்து அடிக்கும் ஹெவி பஞ்ச் இருக்கிறது, அதற்கு எதையும் பிடித்திருக்கத் தேவையில்லை. அதைப் பழகினேன். குதித்து வந்தவர்கள் கீழே விழ ஆரம்பித்தார்கள்.

குறை தீர்ந்து, ஆட்டமும் பிடித்திருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மாற்றத் தேவையில்லை.

படி 3: ஜெயிக்கும்போது பிடிக்கிறதா?

எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்த மேட்ச்சிலும் கை முன்னே போகத் துடித்தது. தோல்வியைவிட இதுதான் மாற்றுவதற்குச் சரியான காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். ஆயிரம் மேட்ச் ஆடப் போகிறோம், ஆடுவதே சுமையாக இருந்தால் பழக்கம் நிற்காது.

நீங்கள் ஜெயித்த ரீப்ளேக்களைப் பார்த்து, எந்த நொடியில் உற்சாகம் வந்தது என்று கவனியுங்கள். எதிரியின் அருகே போய்ச் சேர்ந்ததும் என்றால் ஸாங்கீஃப், மனோன். மனோன் தன் சிறப்புப் பிடியால் வீசும் ஒவ்வொரு முறையும் ஒரு மெடல் ஏறும், ஐந்து வரை. ரவுண்டு மாறினாலும் அது போகாது. தூரத்திலேயே நிறுத்தி வைத்தபோது என்றால் ஜேபி. ஓடிப்போய் மேலே விழுந்தபோது என்றால் கென்.

டியர் லிஸ்ட்டை, அதாவது கேரக்டர்களைப் பலம் வாரியாக அடுக்கும் பட்டியலை, இப்போதைக்கு மறந்துவிடுங்கள். போட்டிகளில் ஆடுபவர்களுக்கு அது தேவை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் ஜப்பானின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டைகோவே பல வருட ரியூவை விட்டு கைலுக்குப் போனார். ஆனால் 2013-இல் ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இல், சிங்கப்பூரின் ஸியான், மிகச் சிலரே எடுத்த ஜென் என்ற கேரக்டரை வைத்துத்தான் கோப்பையை வென்றார். சில்வர், கோல்டு போன்ற கீழ் ரேங்கில் நம் தோல்விகளை முடிவு செய்வது அந்தப் பட்டியல் இல்லை.

படி 4: முப்பது மேட்ச் சோதனை

இந்த கேமில் ரேங்க் கேரக்டருக்குக் கேரக்டர் தனி. புதியவருக்குச் சில மேட்ச் ஆடினால் ஒரு ரேங்க் கிடைக்கும், பழையவரின் ரேங்க் அப்படியே இருக்கும். ஆகவே பயமே வேண்டாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய கேரக்டர் என்றால், முதலில் வாடகை டிக்கெட்டில் ஆடிப் பாருங்கள்.

கற்க வேண்டியது நான்குதான்: குதிப்பவரைத் தடுக்க ஒன்று, நடுத்தூரத்தில் தட்ட ஒன்று, எளிய காம்போ (தொடர் அடி) ஒன்று, எதிரி பெரிதாகத் தவறும்போது கொடுக்க ஒன்று. நீளமான காம்போவெல்லாம் பிறகு. முப்பது மேட்ச்சுக்கு முன்னால் தீர்ப்பு எழுதாதீர்கள். முதல் பத்தில் விரல்கள் பழைய கேரக்டரையே ஆடிக்கொண்டிருக்கும்.

படி 5: மறுபடியும் நோட்டு

புதியவரை வைத்துத் தோற்ற பத்து ரீப்ளேக்களை அதேபோல் எழுதி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். வரிகள் மாறவில்லை என்றால் பழையவரிடமே திரும்பிவிடுங்கள். மாறியிருந்தால் புதியவரோடு இருக்கலாம்.

நான் கென்னுக்குப் போனேன். குதிப்பவரை மேலே அடிக்கும் ஷோர்யூகென் முன்பக்கத்தில்தான் தொடங்குகிறது, முன், கீழ், கீழ்-முன். நடந்துகொண்டே போகும் என் விரலுக்கு அது சுலபமாக வந்தது. குதித்து வந்தவரை விட்ட வரி இரண்டாவது பட்டியலில் ஒரே ஒரு முறைதான் இருந்தது. அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு வரி ஐந்து முறை வந்திருந்தது: "ஹடோகென் போடப் போய் ஷோர்யூகென் வந்தது." தூரத்திலிருந்து எறியும் ஹடோகெனுக்காக, முன்னே நடந்த கையோடு கீழிருந்து முன்னே தள்ளினால், கேம் அதை ஷோர்யூகென் என்றே படிக்கும். தள்ளுவதற்கு முன் விரலை ஒரு நொடிப்பொழுது எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டு வாரமும் தினம் இருபது நிமிடம் அதைத்தான் பழகுகிறேன்.