தமிழ்நாட்டில் எல்.இ.டி. விளம்பர வேன் தொழில் நடத்துவது எப்படி?

எல்.இ.டி. திரை பொருத்திய வேனை ஊருக்குள் ஓட்டி விளம்பரம் செய்யும் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது வண்டியின் விலையையும் திரையின் விலையையும்தான். பணம் இருந்தால் அவை இரண்டையும் யாரும் வாங்கிவிடலாம். ஆனால் ஜவுளிக்கடைக்காரரோ மனைப்பிரிவு போட்டவரோ உங்களுக்குப் பணம் கொடுப்பது, தம்மிடம் வாங்கக்கூடியவர்கள் நடமாடும் இடத்தில், அவர்கள் நடமாடும் நேரத்தில், தம் விளம்பரம் உண்மையிலேயே ஓடியது என்பதற்காக. எந்த ஊரில் எந்தக் கிழமை எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவும், நின்றதற்கான சான்றும் வைத்திருப்பவரிடம்தான் அந்த வாடிக்கையாளர் இரண்டாம் முறை வருகிறார். வண்டி வாங்குவதிலிருந்து வசூல் வரை எல்லா முடிவுகளையும் இந்த அடிப்படையில் எடுப்பதே நல்லது.

முதல் வண்டிக்குச் சிறிய சரக்கு வாகனமே போதும். மக்கள் குட்டி யானை என்றழைக்கும் டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலேரோ பிக்கப் ஆகிய மூன்றும் இந்தத் தொழிலில் அதிகம் ஓடுகின்றன. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. குறுகலான கடைவீதிகளில் திருப்பவும் நிறுத்தவும் எளிது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருப்பதால், ஓட்டுநர் கிடைப்பதிலும் சிரமமில்லை. ஏஸ் வண்டியின் சரக்குத் தளம் சுமார் 7 அடி நீளமே இருக்கும் என்பதால் 8 அடித் திரை வைக்க நினைப்பவர்கள் மற்ற இரண்டில் ஒன்றைப் பார்ப்பது நல்லது.

திரையின் அளவை முடிவு செய்வதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். திரை என்பது மாட்யூல் எனப்படும் சிறு பலகைகளை அடுக்கிச் சேர்ப்பது; வெளிப்புறப் பயன்பாட்டுக்கான மாட்யூல்கள் பலவும் 320 மி.மீ. அகலமும் 160 மி.மீ. உயரமும் கொண்டவை. அகலவாக்கில் 8, உயரவாக்கில் 12 என்று அடுக்கினால் 2.56 மீட்டர் அகலமும் 1.92 மீட்டர் உயரமும் உள்ள திரை கிடைக்கும்; புள்ளிகளுக்கிடையே 4 மி.மீ. இடைவெளி உள்ள பி4 வகையில் அது 640-க்கு 480 பிக்சல். மி.மீ. கணக்கில் எவ்வளவு இடைவெளியோ, ஏறத்தாழ அத்தனை மீட்டர் தள்ளி நின்றால்தான் படம் தெளிவாகத் தெரியும் என்பது இத்துறையின் நடைமுறைக் கணக்கு. சாலையோரம் நிற்பவர் 4 மீட்டருக்கு அப்பால்தான் இருப்பார் என்பதால் பி4 போதுமானது. அதைவிட நெருக்கமான பி2.5-க்குக் கூடுதல் பணம் போடுவது வீண் செலவு என்பது என் கருத்து. பி10 வகை விலை குறைவுதான், ஆனால் அருகில் நிற்பவருக்கு முகங்கள் புள்ளிப் புள்ளியாகச் சிதறித் தெரியும். பி2.5-க்குப் போட நினைக்கும் கூடுதல் பணத்தை ஒளிர்வில் போடலாம்: நம் ஊர் நண்பகல் வெயிலில் 5,000 நிட்ஸுக்கு (ஒளிர்வை அளக்கும் அலகு) குறைந்த திரை வெளிறிப் போகும். மழைக்கு, தூசியும் நீரும் உள்ளே புகாமல் காக்கும் ஐ.பி.65 தரம் கட்டாயம் வேண்டும். புதுப்பிப்பு வேகம், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது, 3,840 ஹெர்ட்ஸ் உள்ள திரையாக இருந்தால், கைப்பேசியில் படமெடுக்கும்போது திரையில் கறுப்புக் கோடுகள் விழாது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் சான்றே கைப்பேசிப் படம்தான் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

மின்சாரத்தில் பலரும் சிக்கனம் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன திரையின் பரப்பு சுமார் 4.9 சதுர மீட்டர். சப்ளையர் தரும் விவரத்தாளில் அதிகபட்ச நுகர்வு சதுர மீட்டருக்கு 800 வாட் என்றிருந்தால், வெள்ளைப் பின்னணி கொண்ட ஒரு விளம்பரம் முழு ஒளிர்வில் ஓடும் நொடியில் திரை மட்டும் 3.9 கிலோவாட் இழுக்கும். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தருவது 4 கிலோவாட் அளவுதான்; ஆம்ப்ளிஃபயரும் மின்விசிறிகளும் சேர்ந்தால் அது திணறும். ஆகவே 7.5 கே.வி.ஏ. சைலன்ட் வகையை எடுப்பதே பாதுகாப்பு. வழக்கமான படங்கள் ஓடும்போது நுகர்வு இதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும் என்பதால் டீசல் செலவு பயமுறுத்தாது.

பாடி கட்டும்போது காற்றின் விசையை மறந்துவிடக் கூடாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால் இந்த அளவுத் திரையின் மேல் சுமார் 100 கிலோ விசை பக்கவாட்டில் விழும். எனவே ஜெனரேட்டரையும் ஸ்பீக்கர்களையும் தளத்தோடு ஒட்டித் தாழ்வாக வைத்து, திரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஹைட்ராலிக் முறையில் உயர்த்தும் திரையாக இருந்தால், வண்டி நகரும் முன் அதை இறக்கிப் பூட்ட வேண்டும் என்பதை ஓட்டுநருக்குக் கண்டிப்பான விதியாகச் சொல்லிவிட வேண்டும். சென்னையின் சுரங்கப்பாதைகளிலும் பல ஊர்களின் ரயில்வே கீழ்ப்பாலங்களிலும் உயரத் தடுப்புக் கம்பிகள் இருப்பதால், வண்டியின் மொத்த உயரத்தை ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே எழுதி ஒட்டிவைப்பது பல நாள் கழித்தும் கைகொடுக்கும்.

சட்டப்படியான வேலைகளில் முதலாவது ஆர்.டி.ஓ. அலுவலகம். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை செய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. ஆகவே பாடி கட்டுவதற்கு முன்பே வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் பெற்று, கட்டி முடித்ததும் ஆர்.சி.யில் பதிவு செய்து, அதன் பிறகே தகுதிச் சான்றான எஃப்.சி.க்குக் கொண்டு செல்ல வேண்டும். எஃப்.சி. முதல் 8 ஆண்டுகளுக்கு 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது திரை, ஜெனரேட்டர், திரைக்குப் படத்தை அனுப்பும் கண்ட்ரோலர் ஆகியவற்றின் மதிப்பைத் தனியே குறிப்பிட்டுப் பிரீமியம் கட்டாவிட்டால், விபத்து நேரும்போது வெறும் வண்டிக்கு மட்டுமே இழப்பீடு கிடைக்கும். 

அடுத்தது காவல்துறையும் உள்ளாட்சி அமைப்பும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்து மூலமான அனுமதியில்லாமல் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் முழுத் தடை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். வணிகப் பகுதியில் பகல் நேர ஒலி வரம்பு 65 டெசிபல், குடியிருப்புப் பகுதியில் 55. என்னைக் கேட்டால், சந்தைத் திடல் தவிர மற்ற இடங்களில் ஒலியே இல்லாமல் ஓட்டுவது மேல்: குடியிருப்புத் தெருவில் சத்தமாக ஓடும் வேனால் எரிச்சலடையும் மக்கள் அந்தக் கடையின் பெயரையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். எந்தத் தெருவில், எந்த நேரத்தில் வண்டியை நிறுத்தலாம் என்பதைப் போக்குவரத்துக் காவல் நிலையத்திலும், விளம்பரக் கட்டணம் உண்டா என்பதை மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். அதன் நகல் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டப்பட்டிருந்த பேனர் விழுந்து இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் உயிரிழந்த பிறகு, சாலையில் விளம்பரம் என்றாலே அதிகாரிகளும் மக்களும் கூர்ந்து பார்க்கிறார்கள். அது நியாயமானதே. நம் பங்குக்கு, பின்பக்கத் திரை இருந்தால் வண்டி ஓடும்போது அதில் அசையும் படம் ஓட விடாமல் நிலைப்படம் மட்டும் காட்டலாம். இருட்டியதும் ஒளிர்வைக் கணிசமாகக் குறைக்கலாம். பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டியின் கண் கூசக் கூடாது.

எல்லா விளம்பரத்தையும் ஏற்றுக்கொள்ளவும் முடியாது. புகையிலைப் பொருள்களின் விளம்பரத்தை 2003-ஆம் ஆண்டுச் சட்டமும், பல நோய்களைக் குணமாக்குவதாகச் சொல்லும் மருந்து விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டமும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளின் விளம்பரத்தை 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கின்றன. திரைப்பாடலைப் பின்னணியில் ஓட்டுவதாக இருந்தால் அதற்கான உரிமத்தை வாடிக்கையாளர் பெற்றுத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

இனி வழித்தடம், தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் ஒரு நாளைக்கு இத்தனை கி.மீ. ஓட்டுவோம் என்று சொல்லி விற்கிறார்கள். ஓடும் வண்டியின் திரையை எதிரே வருபவர் சில நொடிகளே பார்க்கிறார். நிற்கும் வண்டியின் திரையைப் பேருந்துக்காகக் காத்திருப்பவர் முழுதாகப் பார்க்கிறார். ஆகவே தூரத்தைக் குறைத்து நிறுத்தங்களைக் கூட்ட வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பலவற்றில் சனிக்கிழமை வாரக்கூலி கொடுக்கப்படுவதால், சனி மாலையும் ஞாயிறும் அங்கே கடைவீதி நிரம்பும். துணிக்கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் அந்த ஒன்றரை நாள் மற்ற ஐந்து நாள்களுக்குச் சமம். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவிலிருந்து செவ்வாய் வரை கூடுகிறது. அங்கே வருபவர்கள் வெளியூர் வியாபாரிகள் என்பதால் உள்ளூர் உணவகத்தின் விளம்பரத்தைவிட நூல், தையல் இயந்திரம், பார்சல் சேவை போன்றவற்றின் விளம்பரமே எடுபடும். சென்னை தி.நகரில் ஆடித் தள்ளுபடி நாள்களில் உஸ்மான் சாலைக்குள் வண்டியை நுழைக்க முயல்வதைவிட, அங்கே செல்லும் பேருந்துகள் கடக்கும் சாலைகளில் நிற்பது பயன் தரும். கோவை காந்திபுரம், மதுரை மாட்டுத்தாவணி, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் என்று ஒவ்வொரு ஊரிலும் மக்கள் காத்திருக்கும் இடங்கள் உண்டு. வண்டி வாங்குவதற்கு முன்பே அந்த இடங்களில் மணிக்கணக்காக நின்று, கூட்டம் எப்போது ஏறி எப்போது வடிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மாலை வெயில் திரையின் மேல் நேராக அடிக்குமா என்று குறித்துக்கொண்டு வருபவர், முதல் நாளிலேயே மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் இருப்பார்.

விளம்பரத்தின் வடிவமைப்பும் நம் பொறுப்பே, ஏனெனில் கடைக்காரர்கள் பெரும்பாலும் நோட்டீசுக்கு அடித்த அதே வடிவத்தைத்தான் அனுப்புவார்கள். 100 அடி தூரத்திலிருந்து எளிதாகப் படிக்க எழுத்து ஏறத்தாழ 10 அங்குல உயரம் இருக்க வேண்டும். பி4 திரையில் அது 63 பிக்சல். 480 பிக்சல் உயரத்தில் வரி இடைவெளியும் போக ஐந்து வரிக்கு மேல் வைக்க முடியாது. தமிழில் மேலேறும் கொம்பும் கீழிறங்கும் சுழியும் உள்ளதால் மூன்று வரியோடு நிறுத்துவதே அழகு: கடையின் பெயர், சலுகை, இடம். நான்கு கிளைகளின் முகவரியும் ஐந்து கைப்பேசி எண்களும் வேண்டும் என்று வாடிக்கையாளர் வற்புறுத்தினால், அவரையே 100 அடி தள்ளி நிற்கவைத்துத் திரையைப் பார்க்கச் சொன்னால் போதும்.

ஒரே வண்டியில் பலருடைய விளம்பரங்களைச் சுழற்றலாமா என்ற கேள்வி எழும். 10 நொடி வீதம் 6 பேருக்கு ஓட்டினால் ஒரு நிமிடச் சுற்று. 8 மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் 480 முறை ஓடும். ஆனால் ஓடும் வண்டியைச் சில நொடிகள் மட்டும் பார்ப்பவர் அந்த ஆறில் ஒன்றைத்தான் பார்ப்பார். எனவே நிறுத்தங்கள் நிறைந்த நாளுக்குப் பகிர்வு முறையும், நகர்வு அதிகமுள்ள நாளுக்கு ஒரே வாடிக்கையாளரும் என்று பிரித்துக்கொள்ளலாம். போட்டிக் கடைகள் இரண்டை ஒரே சுற்றில் சேர்க்கவே கூடாது.

சான்று என்பது மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இரண்டு படங்களோடு முடிவதல்ல. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடமும் நேரமும் பதிவாகும் கேமரா செயலியில், திரையோடு சுற்றியிருக்கும் கூட்டமும் தெரியும்படி ஒரு படமும் சிறு காணொளியும் எடுக்க வேண்டும், ஜி.பி.எஸ். வழித்தடப் பதிவையும், எத்தனை முறை ஓடியது என்ற கண்ட்ரோலரின் பதிவையும் அவற்றோடு சேர்த்து, அன்றிரவே ஒரே கோப்பாக அனுப்ப வேண்டும். மழையாலோ பழுதாலோ ஒரு மணி நேரம் ஓடவில்லை என்றால் அதையும் அதிலேயே எழுதி, ஈடு செய்யும் நாளைக் குறிப்பிட வேண்டும். விளம்பர ஏஜென்சிகள் தம் வாடிக்கையாளரிடம் பில் போடுவதற்கு இந்தக் கோப்பைத்தான் எதிர்பார்க்கின்றன.

விலை நிர்ணயத்தில் மாதத்துக்கு 30 நாளும் வண்டி ஓடும் என்று கணக்கிடுவது ஆபத்து. கடன் தவணை, ஓட்டுநர் சம்பளம், இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாத நிலைச் செலவு 90,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 3,000. 15 நாளுக்கு வகுத்தால் 6,000. முதல் ஆண்டில் இரண்டாவது கணக்கை வைத்தே, அதன் மேல் டீசலும் லாபமும் சேர்த்து விலை சொல்ல வேண்டும். ஆடி, தீபாவளி, பொங்கல், அட்சய திருதியை, பள்ளிச் சேர்க்கைக் காலம் ஆகியவை போக மற்ற மாதங்களில் வேலை மெலியும். வடகிழக்குப் பருவமழை தீபாவளியை ஒட்டியே வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

விளம்பரச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்றாலும், முன்கூட்டியே பதிவு செய்வதே லாபம்: சரக்கு வாகனத்துக்கும் திரைக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம்; பெரிய நிறுவனங்கள் ஜி.எஸ்.டி. பில் இல்லாதவரிடம் வேலை கொடுப்பதில்லை. அவை பணம் தரும்போது வருமான வரிக்காக டி.டி.எஸ். பிடிக்கும், தனிநபர் என்றால் 1 சதவீதம், கூட்டு நிறுவனம் அல்லது கம்பெனி என்றால் 2 சதவீதம்.

தேர்தல் காலத்தில் வேலை கொட்டும். அப்போது வண்டியை வாடகைக்கு விடுவதற்கு முன், பிரசார வாகனத்துக்கான தேர்தல் அதிகாரியின் அனுமதியும், திரையில் ஓடும் படத்துக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் சான்றும் கட்சிக்காரர் கையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரசாரப் படம் எதையும் ஓட்டக் கூடாது. இந்த வேலைக்கு முழுப் பணத்தையும் முன்பணமாக வாங்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. மற்ற வாடிக்கையாளர்களிடம் பாதி அட்வான்ஸும், கடைசி நாள் அறிக்கையோடு மீதியும் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஏஜென்சிகள் 60 நாள், 90 நாள் கடன் கேட்கும். அதற்கு ஈடுகொடுக்க மூன்று மாத நிலைச் செலவு கையிருப்பில் சேரும் வரை இரண்டாவது வண்டிக்குக் கடன் வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டும்.