ஆறாத சீனிப் புண்ணா? பிஆர்பி சிகிச்சை கேட்கப் போகுமுன்

எங்கள் அம்மம்மாவுக்குப் பெருவிரலடியில் கொப்பளம் வந்தது நல்லூர்த் திருவிழா நேரம், சுடுமணலில் வெறுங்காலோடு நடந்ததால். சீனி வருத்தம் நரம்பை மரக்கவைத்திருந்ததால் சூடே தெரியவில்லை. அதனால் தினமும் இரவு உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள்.

புண் வந்துவிட்டால் மஞ்சள், பற்பசை எதையும் பூசாமல் நேரே கிளினிக்குக்குப் போங்கள். வாரம் ஒருமுறை அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். 4 வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் படங்களைக் காட்டி, "வேறென்ன செய்யலாம் டொக்டர்?" என்று கேளுங்கள்.

புதுச் சதையை வளரவைக்கும் மீளுருவாக்கச் சிகிச்சைப் பேச்சு அப்போதுதான் வரும். பிஆர்பி என்றால் உங்கள் இரத்தத்தையே கொஞ்சம் எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் நுண்ணணு) செறிந்த பகுதியைப் பிரித்துப் புண்ணில் வைப்பது. அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் புதுச் சதை வளரத் தூண்டும். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெகாப்ளெர்மின் என்ற, வளர்ச்சிக் காரணி கொண்ட ஜெல்லும் அந்த வழிதான். உயிரணுக்கள் கொண்ட தோல் மாற்றுகளும் உண்டு.

ஆனால் காலுக்கு இரத்த ஓட்டம் போதாமல், செத்த சதையை வெட்டி எடுக்காமல், கிருமித் தொற்றை அடக்காமல், அந்தக் காலையே ஊன்றி நடந்துகொண்டிருந்தால் எவ்வளவு காசு கொட்டினாலும் வீண்தான். இந்த நான்கையும் முதலில் கேளுங்கள். அம்மம்மாவை நடக்கவிடாமல் வைத்திருந்ததுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

காய்ச்சல், நாற்றம், விரல் கறுத்தல் எதைக் கண்டாலும் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.